பைத்தானில் எண்களை முழுமையாக்கல்

பைத்தான் கணினி மொழியில் ஓர் எண்ணை அருகிலுள்ள முழு எண்ணுக்கோ, குறிப்பிட்ட தசம இடத்துக்கோ கொண்டுவருவது 'ரவுண்ட்' என்னும் உள்ளமைந்த செயற்கூறு. 3.14159-ஐ இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் 3.14 கிடைக்கும். இடத்தை எதிர்ம எண்ணாகவும் தரலாம்: 1234-க்கு -2 என்று தந்தால் விடை 1200.

தோற்றம்

பைத்தானின் முன்னோடி, ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் புதியவர்களுக்காக உருவான ஏ.பி.சி. மொழி. அது பின்னங்களைத் துல்லியமாகவே சேமித்தது. ஆனால் கணக்கு நீள நீள, தொகுதியும் பகுதியும் பெருத்து வேகம் குறைந்தது. அந்தக் குழுவில் பணியாற்றிய கைடோ வான் ராசம் 1989-இல் பைத்தானைத் தொடங்கியபோது, கணினியின் இரும மிதவைப்புள்ளி எண்களையே ஏற்றார். 1991-இல் மொழி வெளியானது.

சரிபாதி விதி

பைத்தான் 2-இல் சரிபாதி எண்கள் பூச்சியத்திலிருந்து விலகிச் சென்றன: 2.5 என்பது 3.0, -2.5 என்பது -3.0. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 இதை மாற்றியது. இப்போது சரிபாதி எண் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குச் செல்லும், 2.5 என்பது 2, 3.5 என்பது 4. தசம இடம் குறிப்பிடாவிட்டால் விடையும் முழு எண் வகையாகவே வரும்.

பள்ளியில் '5 வந்தால் மேலே ஏற்று' என்று படித்தவர்களுக்கு இது பிழையாகத் தோன்றலாம். ஆனால் 0.5, 1.5, 2.5, 3.5 ஆகியவற்றின் கூடுதல் 8. பள்ளி விதிப்படி முழுமையாக்கிக் கூட்டினால் 10. இரட்டை விதிப்படி 0, 2, 2, 4 ஆகி அதே 8. மேல்நோக்கிய சாய்வு சேர்ந்துகொண்டே போகாமல் தடுப்பதே இதன் சிறப்பு. 1985-இன் ஐ.இ.இ.இ. 754 தரமும் இதையே இயல்பான முறையாகக் கொண்டது.

சேமிப்பும் துல்லியமும்

2.675-ஐ இரண்டு இடங்களுக்கு முழுமையாக்கினால் 2.67 வருவதற்கு இரட்டை விதி காரணமன்று. இரும முறையில் அந்த எண் 2.675-ஐவிடச் சற்றே குறைவாகச் சேமிக்கப்படுகிறது. ஆகவே அது சரிபாதியே அல்ல. 2010-இல் வந்த 2.7 பதிப்பு முதல், பைத்தான் 2 வரிசையிலும் சேமித்த மதிப்பைப் பிழையின்றி முழுமையாக்கும் முறை அமைந்தது.

பணக் கணக்குக்கு ஏற்றது, 2004-இல் 2.4 பதிப்புடன் வந்த 'டெசிமல்' கூறு. எண்ணை மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுத்தால் அது தசமமாகவே காக்கப்படும். எந்த விதிப்படி முழுமையாக்குவது என்பதையும் நிரல் எழுதுபவரே தேர்ந்துகொள்ளலாம். பள்ளி விதியைத் தேர்ந்தால் 2.675 என்பது 2.68 ஆகும்.