முதலிடம் இல்லாத நடை

ஒல்லாந்தர் என்றால் நமக்குக் கோட்டைகள்தான் ஞாபகம் வரும். காலியிலும் மட்டக்களப்பிலும் அவர்கள் விட்டுச் சென்ற மதில்களைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அந்த ஒல்லாந்தரின் நாடான நெதர்லாந்தில், ஜேர்மன் எல்லைக்கு அருகே நைமேகன் என்றொரு நகரம் இருக்கிறது. ஜூலை மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை அங்கே நாற்பதாயிரம் பேரளவில் ஒன்றாக நடக்கத் தொடங்குவார்கள். வெள்ளிக்கிழமை வரை நான்கு நாட்கள் நடப்பார்கள். இதில் முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது.

இதன் தொடக்கம் இராணுவத்தில். 1908இல் உடற்கல்விக்காக அங்கே ஓர் அமைப்பு உருவானது. 1909இல் அது நான்கு நாள் நடையை முதன்முறையாக நடத்தியது. நாளொன்றுக்கு 35 கிலோமீற்றர். கலந்துகொண்டவர்கள் 306 பேர், பெரும்பாலும் சிப்பாய்கள். நாட்டு மக்களின் உடல் பலம் குறைந்து வருகிறது, அதைப் பயிற்சியால் மீட்க வேண்டும் என்பதே நோக்கம். பின்னர் பொதுமக்களும் சேர்ந்துகொண்டார்கள். 1925 முதல் நைமேகன் நிரந்தர இடமாயிற்று. ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் நடந்த 1928ஆம் ஆண்டில் ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா, நோர்வே ஆகிய நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அன்றிலிருந்து இது சர்வதேச நடை.

விதி மிக இலகுவானது. வயதையும் ஆண், பெண் என்பதையும் வைத்து ஒருவருக்கு 30, 40 அல்லது 50 கிலோமீற்றர் என நாளாந்தத் தூரம் தீர்மானிக்கப்படும். அதிகாலையில் புறப்பட்டு, வழியில் பதிவு செய்து, குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். நான்கு நாளும் முடித்தவருக்குச் சிலுவை வடிவிலான ஒரு பதக்கம் கிடைக்கும். மதியமே வந்து சேர்ந்தவருக்கும், நேரம் முடியும் தறுவாயில் நொண்டி நொண்டி வந்தவருக்கும் ஒரே பதக்கம்தான்.

இந்த நகரத்துக்கு ஒரு காயமும் உண்டு. 1944 பெப்ரவரி 22ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் நைமேகன் மீது குண்டு போட்டதில் கிட்டத்தட்ட 800 பேர் மரணித்தனர். எதிரியின் குண்டல்ல, நேச நாட்டின் குண்டு. அதே ஆண்டு செப்டெம்பரில் நகரம் போர்க்களமானது. யுத்த காலத்தில் நின்றுபோன நடை 1946இல், இடிபாடுகள் அகற்றப்பட்டு முடியாத நகரத்திலேயே மீண்டும் தொடங்கியது. இன்றும் மூன்றாம் நாள் பாதை குரூஸ்பேக் மேடுகளினூடாகச் செல்கிறது. அங்கே 2,300க்கும் மேற்பட்ட கனடிய வீரர்களின் அடக்கத்தலம் இருக்கிறது. கனடாவிலிருந்து நடக்க வரும் படையினர் அங்கே நின்று மரியாதை செலுத்திவிட்டே மேலே செல்வார்கள்.

நடப்பவர்களைப் போலவே பாதையோரத்து மக்களும் முக்கியமானவர்கள். கதிரைகளை வாசலில் போட்டு உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களுக்குத் தண்ணீரும் வெள்ளரித் துண்டும் நீட்டுவார்கள். கால் கொப்புளங்களுக்கு மருந்து கட்டத் தொண்டர்கள் இருப்பார்கள். கடைசி நாளில் மாஸ் ஆற்றைக் கடக்க இராணுவத்தினர் மிதவைப் பாலம் போட்டுக் கொடுப்பார்கள். நகரத்துக்குள் நுழைவோரின் கைகளில் கிளடியோலஸ் மலர்கள் திணிக்கப்படும்.

ஆனாலும் இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆண்டு 2006. முதல் நாளே கடும் வெயில். இருவர் மரணித்தனர். பல்லாயிரம் பேர் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, தூர நாடுகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அப்படியிருந்தும் அன்றிரவே மீதி மூன்று நாட்களும் இரத்துச் செய்யப்பட்டன. ஏமாற்றம் பெரிதுதான், ஆனால் எந்தப் பதக்கமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. அந்தப் பாடம் மறக்கப்படவில்லை. 2022இல் முதல் நாள் வெப்பம் எல்லை மீறும் என்று தெரிந்ததும், யாரும் புறப்படும் முன்பே அந்த நாளை நிறுத்தி, மூன்று நாள் நடையாகக் குறைத்தார்கள்.

ஆசிரியர் என்ற வகையில் இதை ஊர் மக்கள் முன்னே வைக்கிறேன். நமது இல்ல விளையாட்டுப் போட்டிகளில் வேகமாக ஓடும் சில பிள்ளைகளுக்குத்தான் மேடை. மற்றப் பிள்ளைகள் கூடாரத்திலிருந்து கைதட்டுவதோடு சரி. போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டில் ஒரு நாளாவது, எல்லாப் பிள்ளைகளும் நடந்து முடிக்கக்கூடிய ஒரு தூரத்தை வைப்போம். பெற்றோரும் கூட நடக்கட்டும். வழியில் வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுக்கட்டும். முடித்த எல்லோருக்கும் ஒரே சான்றிதழ்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அதிக வெப்பமான நாட்களில் மைதான நிகழ்ச்சிகளைத் தவிர்க்குமாறு நமது கல்வி அமைச்சும் அறிவுறுத்தியிருக்கிறது. பெனர் அடித்தாயிற்று, அதிதிகள் வந்துவிட்டார்கள் என்பதற்காக வெயிலில் பிள்ளைகளை இறக்கிவிடக் கூடாது. நடையைத் தொடங்கி வைக்கப் பலர் இருப்பார்கள். நிறுத்தத் துணிந்த ஒருவரும் அங்கே இருக்க வேண்டும்.

உங்கள் கருத்துகளையும் சொல்லுங்கள்.