புதியதா, பழையதா? சொகுசு ஜீப் வந்த வழி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சொகுசு ஜீப் வாங்க நினைக்கும் குடும்பங்களில் ஒரு வாதம் தவறாமல் எழும். புதிய வண்டிதான் வேண்டும், பழையது தலைவலி என்பார் ஒருவர். அதே பணத்தில் இதைவிடப் பெரிய வண்டி பழையதாகக் கிடைக்கிறதே என்பார் இன்னொருவர். இரு தரப்பும் எஞ்சினையும் இருக்கையையும் பற்றிப் பேசும். ஆனால், இந்த இரு நாடுகளிலும் புதிய வண்டிக்கும் பழைய வண்டிக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைப் பெருமளவு தீர்மானித்தவை வரிகளும் அனுமதிச் சீட்டுகளும்தான். அந்த வரலாற்றை அறியாமல் கையெழுத்துப் போடுபவர், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறியாமலேயே பல ஆண்டுத் தவணையில் சிக்கிக்கொள்கிறார்.

தோட்டத்து ஜீப்

ஜீப் முதலில் சொகுசு வாகனமாக வரவில்லை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதன் பிறகு இராணுவமும் போலீசும் தோட்டத் துரைமார்களும் செம்மண் பாதைகளில் ஓட்டிச் சென்றது இத்தகைய வண்டிகளைத்தான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழர்களுக்கு ஜீப் என்றால் துரையின் வண்டி, அதிகாரத்தின் அடையாளம். அதில் வசதி என்று சொல்ல எதுவும் இருந்ததில்லை.

1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர்கூட இன்று எண்ணுவது போன்ற சொகுசு வண்டி அன்று. தண்ணீர் பீய்ச்சிக் கழுவக்கூடிய ரப்பர் விரிப்பும் வினைல் இருக்கையும்தான் அதில் இருந்தன. தோல் இருக்கை பிற்பாடு வந்தது. அமெரிக்காவில் 1963 மாடலாக வந்த ஜீப் வேகனியர், குடும்பத்தோடு நகரத்தில் ஓட்டவும் ஜீப் ஏற்றது என்று காட்டியது. இருந்தாலும் நீண்ட காலத்துக்கு ஜீப் என்பது லாரியின் சட்டகத்தின் மேல் பொருத்தப்பட்ட உடலாகவே இருந்தது. மேடு பள்ளத்தில் உறுதியாக நிற்கும். நெடுஞ்சாலையில் குலுக்கி எடுக்கும்.

ஜப்பானிலிருந்து வந்த பருந்து

இந்த நிலை 1990-களின் கடைசியில் மாறியது. 1997-இல் மெர்சிடிஸ் பென்ஸ் தனது எம் வகை வண்டியை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1999-இல் பிஎம்டபிள்யூ தென் கரோலினாவில் எக்ஸ்5 வண்டியைத் தயாரித்தது. 2002-இல் வால்வோவின் எக்ஸ்சி90, போர்ஷேயின் கயென் இரண்டும் வெளிவந்தன.

இவர்களுக்கு நடுவே டொயோட்டா வேறொரு வழியில் யோசித்தது. லாரிச் சட்டகத்தை விட்டுவிட்டு, கேம்ரி காரின் அடித்தளத்தையே எடுத்து, அதன்மேல் உயரமான உடலைப் பொருத்தியது. 1997 டிசம்பரில் ஜப்பானில் அது ஹேரியர் என்ற பெயரில் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அதே வண்டி லெக்சஸ் ஆர்எக்ஸ்300 ஆனது. காரைப் போல ஓடும். ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும். நடுத்தர அளவுச் சொகுசு ஜீப் என்று இன்று சொல்லப்படும் வகைக்கு வழிகாட்டிய வண்டிகளில் இது முக்கியமானது.

ஹேரியர் என்பது ஒரு பறவையின் ஆங்கிலப் பெயர். தமிழில் அதைப் பூனைப்பருந்து என்பார்கள். வண்டியின் முகப்பிலும் பருந்துச் சின்னமே இருந்தது. ஜப்பானில் லெக்சஸ் என்ற பெயரில் விற்பனை தொடங்கியது 2005-இல்தான். அதுவரை அந்நாட்டில் இந்த வண்டி டொயோட்டாவாகவே விற்கப்பட்டது. மலேசியாவுக்கு இரண்டாம் கையாக வந்ததும் பெரும்பாலும் அந்த ஜப்பானிய வண்டியே. பருந்தைக் கழற்றிவிட்டு லெக்சஸ் எழுத்தை ஒட்டிக்கொண்ட ஹேரியர்கள் கோலாலம்பூர்ச் சாலைகளில் பலவற்றைக் காண முடிந்தது. ஒரே வண்டி, இரண்டு பெயர் என்பதைச் சந்தை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது.

ஏபி என்னும் சீட்டு

ஜப்பானியர் ஓட்டிய வண்டி மலேசியாவில் பெருமைக்குரிய வண்டியானது எப்படி? இதற்கு விடை 1970-ஆம் ஆண்டில் இருக்கிறது. வாகன இறக்குமதித் தொழிலில் பூமிபுத்ராக்களின் பங்கை உயர்த்த, ஏபி எனப்படும் அனுமதிச் சீட்டு முறையை அரசாங்கம் அந்த ஆண்டு கொண்டுவந்தது. சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டு வண்டியை இறக்கலாம். சீட்டு இல்லாதவர் இறக்க முடியாது.

1985-இல் புரோட்டோன் சாகா வந்தபின் இன்னொரு சுவரும் எழுந்தது. தேசியக் காரைக் காக்க வெளிநாட்டுக் கார்கள்மீது கடும் வரி விதிக்கப்பட்டது. ஆசியான் வட்டார வாணிப உடன்பாட்டின்படி 2000-களின் நடுவில் இறக்குமதி வரி குறைந்தபோது, கலால் வரி உயர்ந்தது. வாங்குபவரின் பையிலிருந்து போகும் பணம் பெரிதாகக் குறையவில்லை.

வரி அதிகமாக இருந்தால், வரி போடப்படும் அடிப்படை மதிப்பு குறைவான வண்டிக்கு ஆதாயம் கூடும். இரண்டு மூன்று ஆண்டு ஓடிய வண்டியின் மதிப்பு இயல்பாகவே குறைவு. இதனால் புதிய வண்டிக்கும் ரீகண்டிஷன் வண்டிக்கும் இடையிலான இடைவெளி, ஜப்பானில் இருப்பதைவிட மலேசியாவில் அகன்றது. அந்த இடைவெளியில்தான் ரீகண்டிஷன் வியாபாரம் வளர்ந்தது.

2005-இல் இது அரசியல் புயலானது. அப்போது புரோட்டோன் ஆலோசகராக இருந்த முன்னாள் பிரதமர் மகாதீர், ஏபி யாருக்குப் போகிறது என்று வெளிப்படையாகக் கேட்டார். அந்த ஆண்டு ஜூலையில் ஏபி பெற்றவர்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. அனைத்துலக வாணிபத் தொழிலியல் அமைச்சும் அதன் அமைச்சர் ரஃபிடாவும் கடும் கேள்விகளுக்கு ஆளாயினர். 2006-இல் தேசிய வாகனக் கொள்கை வந்தது. 2009-இல் அது திருத்தப்பட்டு, 2010 முதல் ஒரு ஏபிக்கு 10,000 ரிங்கிட் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. திறந்த ஏபி 2015 முடிவில் நிறுத்தப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அந்தக் கெடு வந்து போயிற்று, ஏபி போகவில்லை.

வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரீகண்டிஷன் வண்டியின் விலைக்குள் அந்தச் சீட்டின் விலையும் ஒளிந்திருக்கிறது. அது வண்டியின் ஒரு திருகாணியைக்கூடத் தரமுயர்த்தாது.

ஒரு வண்டி, இரண்டு பிறந்த ஆண்டு

ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் முதல் கட்டாயப் பரிசோதனை. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கான செலவு அதிகம் என்பதால், மூன்றாம் ஆண்டிலேயே வண்டியை விற்றுவிடுவோர் பலர். அந்த வண்டிகள் ஏலக்கூடத்துக்குப் போகின்றன. அங்கே பரிசோதகர் ஒவ்வொரு கீறலையும் குறித்து, தர எண் கொடுத்து, ஓர் ஏலத்தாள் எழுதுகிறார். விபத்தில் அடிபட்டுப் பழுதுபார்த்த வண்டியென்றால் அதுவும் அதில் தெரியும். ஜப்பானிலும் மலேசியாவிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடுவதால், வண்டியை அப்படியே கப்பலேற்றலாம்.

இங்கே வந்து பதிவானதும் வண்டிக்கு இன்னொரு பிறந்த ஆண்டு கிடைக்கிறது. 2018-இல் தயாரான வண்டி 2021-இல் மலேசியாவில் பதிவானால், விளம்பரத்தில் இரண்டு ஆண்டும் சேர்ந்தே வரும். சில இடங்களில் இரண்டாவது மட்டும் பெரிய எழுத்தில் வரும். பதிவு எண் புதியது என்பதால் வண்டியும் புதியது என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. அசல் ஏலத்தாளைக் காட்டத் தயங்கும் வியாபாரியிடம் மேற்கொண்டு பேச்சு தேவையில்லை.

உள்ளூரில் கைமாறும் வண்டிக்கு வேறு ஆபத்து. 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. வெள்ளம் கண்ட சொகுசு ஜீப்பைக் கழுவி மெருகேற்றுவது எளிது. மின்கம்பிகளுக்குள் புகுந்த ஈரம் இரண்டு ஆண்டு கழித்துத்தான் வேலையைக் காட்டும். பெயர் மாற்றத்துக்காகச் செய்யப்படும் பரிசோதனை, எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் சரியா என்பது போன்றவற்றைப் பார்க்கும். கியர்பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அது சொல்லாது.

புதியதும் இறங்கி வந்தது

புதிய வண்டியின் பக்கமும் நின்றுவிடவில்லை. மலேசியாவில் பொருத்தப்படும் வண்டிக்கு, முழுமையாக இறக்குமதியாகும் வண்டியைவிட வரிச்சுமை குறைவு. ஷா ஆலாமில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய வால்வோ ஆலையில் எக்ஸ்சி60-உம் எக்ஸ்சி90-உம் பொருத்தப்பட்டன. மெர்சிடிஸின் ஜிஎல்சி பகாங் மாநிலத்தின் பெக்கானிலும், பிஎம்டபிள்யூவின் எக்ஸ்3 கெடாவின் கூலிமிலும் உருவாயின. 2018 ஜனவரியில் ஹேரியரையே டொயோட்டாவின் அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் உத்தரவாதத்தோடு விற்க முன்வந்தார். இருபது ஆண்டுகள் ரீகண்டிஷன் வியாபாரிகள் வளர்த்த சந்தைக்குள் புதிய வண்டி நுழைந்தது.

முழுமையாக இறக்குமதியான மின்கார்களுக்கு 2022 முதல் 2025 முடிவுவரை வரிவிலக்கு தரப்பட்டது. அதனால் சொகுசு மின் ஜீப்புகளின் விலையும் இறங்கியது. மறுபடியும் சட்டம்தான் விலையை மாற்றியது.

சிங்கப்பூரின் பத்தாண்டுத் தாள்

பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போனால், கேள்வியே வேறாகிவிடுகிறது. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை அங்கே நடப்புக்கு வந்தது. கார் வாங்குபவர் முதலில் பத்து ஆண்டுக்கான உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்கு விழுந்தது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கானது 150,001 வெள்ளியைத் தொட்டது. பெரும்பாலான சொகுசு ஜீப்புகள் இந்தப் பெரிய கார்ப் பிரிவில்தான் வரும்.

அதோடு கூடுதல் பதிவுக் கட்டணமும் உண்டு. 2013-இல் இது படிநிலையாக்கப்பட்டது. விலை கூடிய வண்டிக்கு விகிதமும் கூடும். 2023 பிப்ரவரி விகிதப்படி, 60,000 வெள்ளி திறந்த சந்தை மதிப்புள்ள வண்டிக்கு இந்தக் கட்டணம் மட்டும் 86,000 வெள்ளி. பத்து ஆண்டுக்குள் பதிவை ரத்து செய்தால் இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பதும் கணக்கில் சேரும். அந்தத் தொகைக்கும் 2023-இல் 60,000 வெள்ளி என்ற உச்சவரம்பு வைக்கப்பட்டது.

ஆகவே சிங்கப்பூரில் பழைய ஜீப் வாங்குபவர், வண்டியோடு மீதமுள்ள சான்றிதழ் காலத்தையும் சேர்த்தே வாங்குகிறார். சான்றிதழ் மலிவாக இருந்த ஆண்டில் பதிவான வண்டி வேறு. உச்சத்தில் பதிவானது வேறு. விற்பனை விலையிலிருந்து திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து, மீதியை எஞ்சிய ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவு என்று வரும் அந்த எண்ணே உண்மையான விலை. விதிகள் அடிக்கடி மாறுவதால், வாங்கும் நாளில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விகிதத்தைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

பொறுப்பு யாருடையது?

இத்தனைக்கும் பிறகு, வண்டி பழுதானால் யார் பொறுப்பு என்பதுதான் குடும்பத்தைப் பாதிக்கும் கேள்வி. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம், வியாபாரியிடம் வாங்கும் பழைய காருக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு.

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தின் வரம்பு 2019-இல் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் ஒரு சொகுசு ஜீப்பின் விலை அதைத் தாண்டிப் பல மடங்கு போகும். முழுப் பணத்தையும் திரும்பக் கேட்க வேண்டுமானால் நீதிமன்றப் படி ஏற வேண்டும்; வழக்கறிஞர் செலவு தனி. இடையில் தவணை மட்டும் மாதம் தவறாமல் வங்கிக்குப் போக வேண்டும்.

சொகுசு வண்டிக்கென்றே உள்ள இன்னொரு உண்மையையும் மறக்கக் கூடாது. வண்டி பழசாகும்போது அதன் விலை பாதியாகும். அதன் உதிரிபாகத்தின் விலை பாதியாகாது. மூன்று லட்சம் ரிங்கிட் வண்டியை ஒரு லட்சத்துக்கு வாங்குபவர், பட்டறையில் மூன்று லட்சம் ரிங்கிட் வண்டிக்கான பில்லைத்தான் கட்டுவார்.

ஆகையால் வீட்டில் வாதம் எழும்போது மூன்று விவரங்களை மேசைமேல் வைக்கட்டும். கேட்கப்படும் விலையில் வண்டிக்கு எவ்வளவு, வரிக்கும் சீட்டுக்கும் எவ்வளவு? இந்த வண்டி எந்த ஆண்டில், எந்த நாட்டில், யார் கையில் இருந்தது என்பதற்குத் தாள் உண்டா? நாளை பழுதானால் எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பேற்பவர் யார்? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் பழைய வண்டியும் நல்ல வண்டியே. பதில் இல்லையென்றால், தவணைக்குள் அடங்கும் சிறிய புதிய வண்டியில் குடும்பம் நிம்மதியாகப் போய் வரலாம்.