கலாபகஸ் பயணம்: விதிகளுக்குப் பின்னுள்ள வரலாறு

ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில், பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடக்கிறது கலாபகஸ் தீவுக்கூட்டம். இன்று அங்கே போக நினைப்பவர் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே பல கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெட்டியில் பழமோ விதையோ இருக்கக்கூடாது. அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பூங்காவின் பெரும்பாலான இடங்களில் கால் வைக்க முடியாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும். மாலை ஆறு மணிக்குள் கரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இந்த விதிகளின் மூலத்தைத் தேடிப் போனால், அநேகமாக ஒவ்வொன்றும் முன்பு வந்துபோன யாரோ செய்த சேதத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கலாபகஸின் வரலாறு பெரும்பாலும் அதன் விருந்தாளிகளின் வரலாறுதான்.

இத்தீவுகள் எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. கடலடியில் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வெப்ப ஊற்று எரிமலைக் குழம்பை மேலே தள்ளுகிறது. அதன்மேல் நாஸ்கா நிலத்தட்டு கிழக்கு நோக்கி மெல்ல நகர்கிறது. ஆகவே கிழக்கிலுள்ள சான் கிறிஸ்டோபல், எஸ்பன்யோலா ஆகியவை சில மில்லியன் ஆண்டு வயதான, ஓய்ந்துபோன தீவுகள். மேற்கிலுள்ள இசபெலாவும் ஃபெர்னான்டினாவும் இளையவை, இன்னும் கனன்றுகொண்டிருப்பவை. இசபெலாவில் உள்ள வுல்ஃப் எரிமலை 2015இலும் 2022இலும் வெடித்தது. ஃபெர்னான்டினா 2024 மார்ச்சில் வெடித்தது. பறந்தோ, நீந்தியோ, மிதக்கும் மரக்கட்டைகளில் தொற்றியோ வர முடிந்த உயிர்களே இங்கே குடியேறின. தரையில் வாழும் பெரிய ஊனுண்ணிப் பாலூட்டி எதுவும் வந்து சேரவில்லை. ஆமைகளும் இகுவானாக்களும் பறவைகளும் பயம் என்பதைக் கற்கத் தேவையின்றியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும், மேற்குத் தீவுகளில் மோதி மேலெழும் ஆழ்கடல் நீரோட்டமும் கடலைக் குளிர்வித்து மீன்வளத்தைப் பெருக்கியதால், பூமத்திய ரேகையிலேயே பென்குயின்கள் வாழும் அதிசயமும் இங்கு நிகழ்ந்தது.

எழுத்தில் பதிவான முதல் வருகை ஒரு விபத்து. 1535இல் பனாமாவின் ஆயர் தொமாஸ் தெ பெர்லாங்கா பெருவுக்குப் போகும் வழியில் காற்று அடங்கி, அவரது கப்பல் நீரோட்டத்தில் அடித்துவரப்பட்டு இத்தீவுகளில் ஒதுங்கியது. குடிநீர் தேடி அலைந்தவர்கள் கடைசியில் சப்பாத்திக் கள்ளி மடல்களைப் பிழிந்து அந்தச் சாற்றைக் குடித்தார்கள். அப்படியும் இரண்டு மனிதர்களும் பத்துக் குதிரைகளும் தாகத்தால் மாண்டன. ஸ்பெயின் மன்னருக்கு ஆயர் எழுதிய கடிதத்தில் ஆமைகளும் இகுவானாக்களும் இடம்பெற்றன. கையால் பிடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்த பறவைகளும் இடம்பெற்றன. மண்ணைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே இல்லை. புல்லுக்கும் வழியற்ற நிலத்தைப் பிடித்துவைக்க ஸ்பெயினும் முனையவில்லை. அந்த அலட்சியம்தான் தீவுகளுக்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு அமைதியை வாங்கித் தந்தது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கடற்கொள்ளையர்கள் வந்தார்கள். ஸ்பானிஷ் கப்பல்களைச் சூறையாடிவிட்டு ஒளிய இடம் தேடியவர்களுக்கு, யாரும் எட்டிப்பார்க்காத இந்தத் தீவுகள் வசதியாக இருந்தன. 1684இல் வந்த கொள்ளையர் கூட்டத்தைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் கௌலி தீவுகளின் வரைபடம் ஒன்றைத் தயாரித்து, இங்கிலாந்தின் அரசர்கள், பிரபுக்கள் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார். அதே பயணத்தில் இருந்த வில்லியம் டாம்பியர், ஆமைகளின் எண்ணிக்கையையும் இறைச்சியின் சுவையையும் பிற்பாடு தன் நூலில் புகழ்ந்து எழுதினார். அந்தப் புகழ் ஆமைகளுக்கு எமனாக வந்தது.

உண்மையான அழிவு திமிங்கில வேட்டையோடு தொடங்கியது. 1793இல் பிரிட்டனிலிருந்து புறப்பட்ட ஜேம்ஸ் கோல்நெட், திமிங்கில வேட்டைக்கு ஏற்ற துறைகளைத் தேடி இங்கு வந்து, தீவுகளைப் பற்றி விரிவாக எழுதினார். அதன்பின் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்தும் கப்பல்கள் சாரிசாரியாக வந்தன. ஆண்டுக்கணக்கில் கடலில் கிடக்கும் மாலுமிகளுக்குப் புதிய இறைச்சி எட்டாக்கனி. ராட்சத ஆமையோ தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஓராண்டு வரைகூட உயிர்வாழும். அவற்றைப் பிடித்துக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிவைத்தால் வேண்டும்போது ஒன்றை எடுத்து வெட்டலாம். பிற்காலத்தில், 1925இல், சார்ல்ஸ் டவுன்சென்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 79 வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டின் நாற்பது ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் அவை மட்டுமே 10,000க்கும் மேற்பட்ட ஆமைகளை எடுத்துச் சென்றதைக் காட்டினார். பசிபிக்கில் அலைந்த வேட்டைக் கப்பல்களோ பல நூறு. மொத்த இழப்பை ஒரு லட்சத்துக்கு மேல் என்றே ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். தூக்கிவர எளிதானவை என்பதால் மாலுமிகள் கரையோரத்தில் கிடைத்த சிறிய ஆமைகளையே பெரிதும் பிடித்தார்கள். முட்டையிடத் தாழ்நிலத்துக்கு இறங்கிவரும் பெண் ஆமைகளே அவற்றில் அதிகம். ஓர் இனத்தை வேரோடு சாய்க்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

1820 அக்டோபரில் எசெக்ஸ் என்ற வேட்டைக் கப்பல் எஸ்பன்யோலாவிலும் ஃப்ளோரியானாவிலுமாக 350க்கு மேற்பட்ட ஆமைகளை ஏற்றியது. ஃப்ளோரியானாவில் கரையிறங்கிய மாலுமி ஒருவர் விளையாட்டாகப் புதரில் தீ வைத்தார். கோடைக் காய்ச்சலில் உலர்ந்திருந்த காடு பற்றிக்கொண்டு எரிந்தது. கப்பல் தொலைவுக்குப் போன பிறகும் தீயின் ஒளி தெரிந்தது. அடுத்த மாதமே ஒரு திமிங்கிலம் மோதி அந்தக் கப்பல் மூழ்கியது. உலகம் நினைவில் வைத்திருப்பது கப்பல் மூழ்கிய கதையை. மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலுக்குத் தூண்டுகோலானதும் அதுவே. ஆனால் எரிந்த தீவுக்கு நேர்ந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஃப்ளோரியானாவின் ஆமை இனம் அந்தத் தீவிலிருந்து மறைந்துவிட்டது.

கப்பல்கள் எடுத்துப் போனதைவிட விட்டுப் போனது நீண்டகாலக் கேடாக அமைந்தது. எலிகள் கப்பலிலிருந்து தாமே இறங்கின. ஆடுகளையும் பன்றிகளையும் மனிதர்கள் இறக்கினார்கள். 1813இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டேவிட் போர்ட்டர் சான்டியாகோ தீவில் மேயவிட்ட சில ஆடுகள் ஒருநாள் காட்டுக்குள் ஓடி மறைந்தன. 1832இல் ஈக்வடார் இத்தீவுகளைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்து ஃப்ளோரியானாவில் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, மாடு, கழுதை, நாய், பூனை எல்லாம் வந்து சேர்ந்தன.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1835 செப்டம்பரில், 26 வயது சார்ல்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் வந்தார். ஐந்து வாரங்கள் தங்கி நான்கு தீவுகளில் இறங்கினார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவினது என்று சொல்லிவிட முடியும் என்று துணை ஆளுநர் நிக்கோலஸ் லாசன் சொன்னதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீகிளில் ஏற்றிய ஆமைகளும் வழக்கம்போல உணவாயின. ஃபிஞ்ச் குருவிகளின் மாதிரிகளில் எது எந்தத் தீவில் கிடைத்தது என்றுகூட அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. லண்டன் திரும்பிய பின் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவை தனித்தனி இனங்கள் என்று பிரித்துக் காட்டியபோதுதான், மாக்கிங்பேர்ட் பறவைகளைப் பற்றி டார்வினுக்கு முன்பே இருந்த ஐயம் வலுப்பெற்றது. தன் பயண நூலின் கலாபகஸ் அத்தியாயத்தை அவர் முடித்த விதம் கவனிக்கத்தக்கது. பறவைகளின் அச்சமின்மையை விவரித்துவிட்டு, மனிதன் என்றால் என்ன என்று அறியாத உயிர்களிடையே புதிய எதிரி ஒன்று நுழைந்தால் எத்தகைய நாசம் விளையும் என்ற எண்ணத்தோடு அதை முடிக்கிறார். நாசம் அப்போதே பாதி நடந்திருந்தது.

டார்வினின் புகழ் இன்னொரு வகை விருந்தாளிகளை அழைத்துவந்தது. அருகிவரும் இனங்கள் அழிவதற்குள் அருங்காட்சியகத்துக்குச் சேகரித்துவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். 1905–06இல் கலிஃபோர்னியா அறிவியல் கழகம் அனுப்பிய குழு 260க்கு மேற்பட்ட ஆமைகளைக் கொன்று பாடம்செய்து கொண்டுபோனது. ஃபெர்னான்டினாவில் அவர்கள் கண்ட ஒரே ஆமையும் அதில் ஒன்று. அந்தத் தீவில் மறுபடி ஓர் ஆமை உயிரோடு தென்பட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இக்குழுவின் சேகரிப்பு அறிவியலுக்குப் பெரிதும் உதவியது உண்மை. அதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. 1924இல் வில்லியம் பீபி எழுதிய நூல் பரவலாக விற்றபின் செல்வந்தர்களின் உல்லாசப் படகுகளும் வரத் தொடங்கின. நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் புது வாழ்வு தேடிச் சிலர் குடியேறினார்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது பனாமா கால்வாயைக் காக்க அமெரிக்கா பால்ட்ரா தீவில் விமானத்தளம் அமைத்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அத்தீவின் நில இகுவானாக்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் 1930களின் தொடக்கத்திலேயே ஹான்காக் பயணக் குழுவினர் அவற்றில் சுமார் 70ஐப் பிடித்துப் பக்கத்திலுள்ள வட செய்மோர் தீவில் விட்டிருந்தார்கள். அவற்றின் வழிவந்தவை 1991 முதல் பால்ட்ராவில் மீண்டும் விடப்பட்டன. இன்று பெரும்பாலான பயணிகள் வந்திறங்கும் விமான நிலையம் இதே பால்ட்ராவில்தான் இருக்கிறது. சாலையோரம் வெயில் காயும் இகுவானாக்களைப் பார்ப்பவர்கள், அவை ஒருமுறை முற்றிலும் இல்லாமல்போய்த் திரும்பி வந்தவை என்பதை அறிந்து பார்ப்பது நல்லது.

1930களில் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன, நடைமுறைப்படுத்த ஆளில்லை. திருப்புமுனை 1959. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளியாகி நூறு ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. மக்கள் ஏற்கெனவே குடியிருந்த பகுதிகள் நீங்கலாக, நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சார்ல்ஸ் டார்வின் அறக்கட்டளை தோன்றியது. சான்டா குரூஸ் தீவில் அதன் ஆய்வு நிலையம் 1964இல் திறக்கப்பட்டது. எஸ்பன்யோலாவில் அப்போது எஞ்சியிருந்தவை 14 ஆமைகள்: 12 பெண், 2 ஆண். அவற்றையும், சான் டியாகோ விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து திரும்பிய டியாகோ என்ற ஆண் ஆமையையும் கொண்டு இனப்பெருக்கம் செய்தார்கள். குஞ்சுகள் 1975 முதல் தீவுக்குத் திரும்பின. 2020இல் அந்தப் பதினைந்து பெற்றோர்களும் தாய்த்தீவில் விடப்பட்டபோது அங்கே 2,000க்கும் மேற்பட்ட ஆமைகள் இருந்தன. பின்டா தீவுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1959இல் மீனவர்கள் அங்கு விட்ட மூன்றே ஆடுகள் பதினைந்து ஆண்டுகளுக்குள் பல்லாயிரமாகப் பெருகித் தாவரங்களைத் தின்று தீர்த்தன. 1971இல் அங்கே காணப்பட்ட ஒற்றை ஆண் ஆமை, ‘தனிமை ஜார்ஜ்’ என உலகறிந்தது, 2012 ஜூன் 24 அன்று வாரிசின்றி இறந்தது.

ஆடுகளை ஒழிக்க 1997இல் தொடங்கிய இசபெலா திட்டம் 2006 வரை நீடித்தது. வட இசபெலாவிலும் சான்டியாகோவிலுமாக ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் சுடப்பட்டன. கடைசிக் கட்டத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்து. மிஞ்சி ஒளிந்திருந்தவற்றைக் கண்டுபிடிக்க, கழுத்தில் ரேடியோ கருவி கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். கூட்டம் தேடிப் போவது ஆட்டின் இயல்பு. வேட்டைக்காரர்கள் அதைப் பின்தொடர்ந்தார்கள். கொடுமையான வேலைதான். ஆனால் செடிகொடிகள் மீண்டும் தழைத்ததைக் கண்டவர்கள் வேறு வழியிருந்ததாகச் சொல்வதில்லை.

திட்டமிட்ட சுற்றுலா 1960களின் பிற்பகுதியில் உருவானது. 58 பயணிகள் தங்கக்கூடிய லினா ஏ என்ற கப்பல் 1969இல் தீவுகளுக்குள்ளேயே உலவத் தொடங்கியது. உண்பதும் உறங்குவதும் கப்பலில், கரையில் சில மணி நேரம் மட்டும் என்ற ஏற்பாடு அப்போது நிலைபெற்றது. குறித்த பாதைகள் வகுக்கப்பட்டன. 1975இல் இயற்கை வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. ஒரு வழிகாட்டியோடு அதிகபட்சம் 16 பேர் என்பது இன்றும் நடைமுறை. வருகிறவர்களைக் கண்காணிக்கப் போதிய காவலர்கள் இல்லாத பூங்காவுக்கு, ஒவ்வொரு குழுவோடும் பொறுப்புள்ள ஒருவரை அனுப்புவதே மிகச் சிக்கனமான காவலாக அமைந்தது. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது அதில் முதல் எண் கலாபகஸுக்குக் கிடைத்தது.

சுற்றுலாப் பணம் மக்களையும் ஈர்த்தது. ஈக்வடார் பெருநிலத்திலிருந்து வேலை தேடிப் பலர் வந்தார்கள். கடல்வெள்ளரி பிடிப்பதற்கான தடையை எதிர்த்து 1990களில் மீனவர்கள் போராடினார்கள். 1998இல் வந்த சிறப்புச் சட்டம் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தி, தீவுகளைச் சுற்றி 40 கடல் மைல் வரை கடல் காப்பகத்தை விரித்தது. இன்று பயணிகள் வாங்க வேண்டிய பயணக் கட்டுப்பாட்டு அட்டை இந்தக் கட்டுப்பாட்டின் தொடர்ச்சியே. பெட்டிச் சோதனைக்குக் காரணம் வேறு. கொய்யா, கருப்பு நாவல்போல் பழுக்கும் முட்புதரான பிளாக்பெர்ரி, சின்கோனா என மனிதர் கொண்டுவந்த தாவர இனங்கள் தீவுகளின் சொந்த இனங்களைவிட இப்போது அதிகம். குருவிக் கூடுகளில் குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி ஈயும் அப்படி வந்ததுதான். 2007இல் யுனெஸ்கோ கலாபகஸை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது, 2010இல் நீக்கியது.

இப்போது செல்பவர் கீட்டோவிலிருந்தோ குவாயாகிலிலிருந்தோ விமானத்தில் பால்ட்ராவுக்கோ சான் கிறிஸ்டோபலுக்கோ வருகிறார். ஜனவரி முதல் மே வரை வெப்பமும் மழையும், கடல் இதமாக இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை தூறலும் குளிர்ந்த கடலும். எஸ்பன்யோலாவின் அல்பட்ராஸ் பறவைகளைக் காண ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இடையே போக வேண்டும். கப்பல்களில் பயணிகள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு 100. ஒரே இடத்துக்கு ஒரு கப்பல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் திரும்ப வரக்கூடாது. ஊர்களில் உள்ள விடுதிகளில் தங்கிப் படகில் போய்வருகிறவர்களின் எண்ணிக்கையே இந்நாளில் வேகமாக வளர்கிறது; கப்பல்களுக்குள்ள கட்டுப்பாடு அவர்களுக்கு அதே அளவில் இல்லை. ஆண்டு வருகை 2023இல் மூன்று லட்சத்தைக் கடந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், பல ஆண்டுகளாக 100 டாலராக இருந்த வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம் 200 டாலராயிற்று. அதில் ஒரு பங்கு பூங்காவின் பராமரிப்புக்கும், ஒரு பங்கு வெளியிலிருந்து உயிரினங்கள் நுழையாமல் தடுக்கும் துறைக்கும் போகிறது. அத்தகைய பணிகளில் பெரியது ஃப்ளோரியானாவில் நடக்கிறது. திமிங்கில வேட்டைக்காரர்கள் எங்கோ ஏற்றிய ஆமைகளைச் சில வேளை இசபெலாவின் கரையில் இறக்கிவிட்டிருந்ததால், வுல்ஃப் எரிமலைச் சரிவில் ஃப்ளோரியானா ஆமையின் ரத்தக் கலப்புள்ள சந்ததிகள் பிழைத்திருந்தன. மரபணுச் சோதனையில் அடையாளம் கண்ட அவற்றைக் கொண்டு இனப்பெருக்கம் செய்து வருகிறார்கள். அவற்றின் குஞ்சுகளை அந்தத் தீவில் வாழவைப்பதற்காகவே 2023இல் அங்கு எலிகளையும் பூனைகளையும் ஒழிக்கும் வேலை தொடங்கப்பட்டது.