பல்லக்கில் வந்த மரக்கன்று

1928 ஜூலையில், வங்காளத்தில் தாகூர் நடத்திய கல்விக்கூடமான சாந்திநிகேதனில் ஒரு மரக்கன்று பல்லக்கில் ஊர்வலம் வந்தது. மாணவிகள் பாடி ஆடி வந்தார்கள். நிலம், நீர், தீ, காற்று, வானம் என ஐம்பூத வேடமிட்ட பிள்ளைகள் கன்றை வாழ்த்தினார்கள். செடிகொடிகள்மேல் உயிரையே வைத்திருக்கும் சிறுவனைப் பற்றிய 'பலாய்' கதையைத் தாகூர் அங்கே வாசித்தார். 'விருட்சரோபணம்' என்ற இந்த விழாவைக் கவிஞர் ஒருவரின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடலாம். அது நடந்த மண்ணைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. மழைநீர் அரித்துப் பள்ளமும் ஓடையுமாக்கிய வீர்பூம் மாவட்டச் செம்மண் நிலத்தை அங்கே 'கோயாய்' என்பார்கள். 1863இல் கவிஞரின் தந்தை தேவேந்திரநாத் தாகூர் குத்தகைக்கு எடுத்த அந்தப் பொட்டலில் நிழல் தந்தவை இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள் என்பது வழிவழிச் செய்தி. பட்டம் பெறுவோருக்கு அந்த இலைக்கொத்தைத் தருவது சாந்திநிகேதனின் விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் மரபானது. அத்தகைய நிலத்தில் ஒரு கன்றுக்குப் பல்லக்கு மிகையான மரியாதை அல்ல.

அழகு அங்கே விழா நாளோடு நிற்கவில்லை என்பதே என் வாதம். 1919இல் அங்கே தொடங்கிய கலைப்பள்ளியான கலாபவனத்தில் ஓவியர் நந்தலால் போஸ் தம் மாணவர்களை, சுற்றியிருந்த மரங்களிடமும் பருவங்களிடமும் அனுப்பினார். ஒரு மரத்தை வரைய, அது எங்கே கிளைக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பொறுமையாகப் பார்த்தாக வேண்டும். எந்தச் சுவரொட்டியாலும் கற்பிக்க முடியாத கவனம் அது. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938இல் 'சந்தால் குடும்பம்' சிலையை அந்த மண்ணின் செம்புரைச் சரளையையும் சிமெண்டையும் கொண்டே எழுப்பினார். ஓவியர் வினோத்பிகாரி முகர்ஜி 1940இல் மாணவர் விடுதிக் கூரையின் உட்புறத்தில் வீர்பூம் கிராமங்களையும் மரங்களையும் குளத்தையும் தீட்டினார். அந்தக் கூரையின்கீழ் படுத்த மாணவருக்கு அண்ணாந்தாலும் ஊர்தான்.

பாட்டும் படமும் மண்ணரிப்பை நிறுத்துமா என்று கேட்பது நியாயம். நிறுத்தாது, கோயாய் இன்றும் இருக்கிறது. ஆனால் தாகூரும் பாட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. மரநடுகைக்கு மறுநாளே, அருகிலிருந்த தம் கிராம மறுசீரமைப்பு மையமான ஸ்ரீநிகேதனில் 'ஹலகர்ஷணம்' என்ற உழவு விழாவில் அவர் ஏர் பிடித்தார். நந்தலால் அதை அங்கே சுவரோவியமாக்கினார். 1922 முதலே ஆங்கிலேய வேளாண் அறிஞர் எல்ம்ஹர்ஸ்ட் துணையுடன் வேளாண்மை, மலேரியா ஒழிப்பு, கூட்டுறவு வேலைகள் அங்கே நடந்துவந்தன. சாந்திநிகேதனிலிருந்து கலையை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிடும் கல்லூரிகள் பாதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. உழைப்பிருந்தும் கலையில்லாத நடுகையோ, கன்றுகளின் எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. 1950இல் இந்திய அரசு தொடங்கிய வனமகோத்சவம் என்ற மரநடுகை விழா பல இடங்களில் அப்படித்தான் தேய்ந்தது. சாந்திநிகேதனிலோ விருட்சரோபணம் வங்க நாட்காட்டியின் சிராவணம் 22ஆம் நாளுக்கு மாறியது. அது தாகூர் இறந்த நாள். அன்று அங்கே மரம் நடுகிறார்கள்.