ஆக்ரனில் ஒரு சனிக்கிழமை: ஏ.ஏ. கூட்டம் பிறந்த கதை

போன வருடம் என் அண்ணனுக்காக ஒரு ஏ.ஏ. கூட்டம் தேடினேன். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடிநோயிலிருந்து மீள நினைப்பவர்கள், பேரை வெளியே சொல்லாமல் கூடிப் பேசும் அமைப்பு. இடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. ஒரு போன் போட்டேன், கிழமை, நேரம், வழி எல்லாம் சொல்லிவிட்டார்கள். சிரமம் வாசலில்தான் ஆரம்பித்தது.

ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சின்ன ஹால் அது. அண்ணன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "டேய், இது சர்ச்சுடா. அதோட, உள்ள இருக்கறவங்க எல்லாம் குடியை விட்டவங்க. நான் போய் அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார். அப்படியே திரும்பி வந்துவிட்டோம்.

அவருடைய அந்த இரண்டு கேள்விக்காகத்தான் இந்த வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். இரண்டுக்கும் பதில் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில், 1935 மே மாதத்தில் இருக்கிறது.

பில் வில்சன் நியூயார்க் பங்குச்சந்தை ஆள். வயது 39. குடியால் தொழில், பேர் எல்லாம் போய், 1934 டிசம்பரில் குடியை நிறுத்தியவர். அதற்குப் பின் ஐந்து மாதம் குடிகாரர்களைத் தேடித் தேடிப் பேசினார். ஒருத்தரும் திருந்தவில்லை. ஆனால் பேசப்போன அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். இதைக் கவனித்துச் சொன்னது அவர் மனைவி லோயிஸ்.

ஒரு இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைப் பிடிக்கும் போட்டிக்காக ஆக்ரன் வந்தார். தோற்றுப்போனார். கூட வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மே 11, சனிக்கிழமை. மேஃப்ளவர் ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார், கையில் சுமார் பத்து டாலர். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனும், ஊரில் உள்ள சர்ச்சுகளின் பட்டியலும். ஒரு கிளாஸ் போட்டால் என்ன என்று தோன்றிய அந்த நிமிஷத்தில், தன்னைக் காப்பாற்ற இன்னொரு குடிகாரர் தேவை என்று அவருக்குப் புரிந்தது.

பட்டியலைப் பார்த்து வால்டர் டங்க்ஸ் என்ற பாதிரியாருக்குப் போன் போட்டார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். குட்இயர் டயர் கம்பெனியை நிறுவியவரின் மருமகள். அவருக்குத் தெரிந்த ஒரு டாக்டர் குடியில் மூழ்கிக்கொண்டிருந்தார்: பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர், வயது 55. அன்றைக்கு அவர் வெளியே வரும் நிலையிலேயே இல்லை. மறுநாள், அன்னையர் தினம், மாலை ஐந்து மணிக்கு வந்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று கண்டிஷனோடு வந்தவர், எழுந்து போகும்போது ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது.

என்ன பேசினார்கள்? பில் உபதேசம் செய்யவில்லை. தான் எப்படிக் குடித்தேன், எப்படி விழுந்தேன் என்று தன் கதையைச் சொன்னார். நீங்கள் கேட்பது எனக்கும் உதவி என்றார். எத்தனையோ பேரிடம் புத்திமதி கேட்டுச் சலித்திருந்த டாக்டருக்கு இது புதுசு. இன்றைக்கும் கூட்டங்களில் நடப்பது இதுதான். ஒருத்தர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள்.

டாக்டர் பாப் உடனே திருந்திவிடவில்லை. ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குப் போனவர் அங்கே குடித்துவிட்டார். திரும்பி வந்து ஜூன் 10ஆம் தேதி கடைசியாகக் குடித்ததோடு சரி. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. அதே மாதத்தில் இரண்டு பேரும் ஆக்ரன் சிட்டி ஆஸ்பத்திரியில் கேட்டு, படுக்கையில் கிடந்த ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனார்கள். அவர் மூன்றாவது ஆள்.

சர்ச் விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்ப நாட்களில் இவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு சேர்ந்துதான் கூடினார்கள். நியூயார்க்காரர்கள் 1937இலும் ஆக்ரன்காரர்கள் 1939இலும் பிரிந்து வந்துவிட்டார்கள். எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்வதில்லை, வெளியார் பணம் வாங்குவதில்லை என்பது பின்னாளில் விதியானது. குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், உறுப்பினர்தான். சர்ச்சோ பள்ளிக்கூடமோ, கிடைக்கிற ஹாலில் கூடுகிறார்கள். செலவை வந்தவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அண்ணனிடம் சொன்னேன். மதம் பற்றிய பேச்சை அவர் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. ஹோட்டல் கூடம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. "அப்போ குடியை விட்டவன்தான் குடிக்கறவனைத் தேடிப் போயிருக்கானா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த வாரம் இறங்கி உள்ளே போனார். குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம் என்பதால் நான் வெளியே நின்றேன். (குடும்பத்தாரும் வரலாம் என்ற திறந்த கூட்டங்களும் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள்.) நடுவில் ஒரு தடவை சறுக்கினார். டாக்டர் பாப்பும் சறுக்கினவர்தானே என்று நான் ஆரம்பிப்பதற்குள், அவரே கூட்டத்தில் பழகிய ஒருவருக்குப் போன் போட்டிருந்தார்.

இப்போது எட்டு மாதம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.