அறுநூறு கிலோவைத் தாங்குவது யார்?

நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். வீட்டு மீன் தொட்டிகளில் கொஞ்சம் பெரியது என்றால் இந்த அளவுதான். பெருக்கிப் பாருங்கள்: 16 கன அடி, அதாவது ஏறக்குறைய 450 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி 12 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அதுவே 90 கிலோ வரும். மணல், கல், மேலே விளக்கு எல்லாம் சேர்த்தால் 600 கிலோ. நம் அப்பாக்கள் காலத்து மாருதி 800 கார் 650 கிலோ. அதைத் தூக்கி ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் நாலு காலில் நிறுத்தியது போலத்தான் இதுவும். அந்தக் கார் அங்கேயே, ராத்திரி பகலாக, வருடக்கணக்கில் நிற்க வேண்டும்.

மீன் தொட்டியின் வரலாறு என்று தேடினால் மீனைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் நிறையக் கிடைக்கிறது. அடியில் நிற்கும் ஸ்டாண்டைப் பற்றி அதிகம் கிடைப்பதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம். அதைத் துரத்திக்கொண்டு போனால் லண்டன், மெட்ராஸ் வழியாக நாம் வசிக்கும் இந்த வளைகுடாவின் பழைய வீட்டுக் கூரைக்கே வந்து சேரலாம்.

முதலில் லண்டன். அதற்கும் முன்னால் 1832ல், சிசிலித் தீவின் மெசீனாவில் ழான் வில்பிரே பவர் என்ற பெண் கண்ணாடித் தொட்டி செய்து கடலுயிர்களை வளர்த்து ஆராய்ந்தார். இருபது வருடம் கழித்து, 1853ல், லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சியகத்தில் பொதுமக்களுக்காக ஒரு மீன் வீடு திறந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ். அடுத்த வருடம் அவர் 'தி அக்வேரியம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகு இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் தொட்டி வைப்பது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

மெட்ராஸுக்கும் இந்த ஆசை வந்து சேர்ந்தது. அங்கே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதில் முனைப்பாக இருந்தார். 1909ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். உங்கள் பாட்டி, தாத்தா சென்னைப் பக்கம் என்றால் கேட்டுப் பாருங்கள், மெரினா மீன் காட்சியகம் பற்றி ஏதாவது ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அந்தக் காலத்துத் தொட்டிகள் எப்படி இருந்தன என்பதுதான் நமக்கு முக்கியம். அடியில் சிலேட்டுக் கல் பலகை. விளிம்பெல்லாம் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்துப் புட்டி போட்டு அடைப்பார்கள். அசிங்கமாகவும் கனமாகவும் இருக்கும், புட்டி காய்ந்தால் ஒழுகும். ஆனால் ஒரு நல்ல விஷயம் உண்டு: எடையில் பெரும்பங்கைச் சட்டமும் கல்லுமே வாங்கிக்கொள்ளும். கண்ணாடியின் வேலை தண்ணீரை உள்ளே நிறுத்துவது மட்டும். அதனால் கனத்தைத் தாங்குகிற ஒரு மேஜை இருந்தால் போதும். மேஜை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சட்டம் விறைப்பாக நின்றுவிடும்.

1960களில் சிலிக்கான் பசை வந்தது. கண்ணாடியோடு கண்ணாடியை நேராக ஒட்டலாம், சட்டமே வேண்டாம். இன்று நாம் பார்க்கிற அழகான, விளிம்பில்லாத தொட்டிகள் அப்படித்தான் சாத்தியமாயின. இரும்பும் சிலேட்டும் தொட்டியிலிருந்து போயின. எடை போகவில்லை. சட்டம் செய்த வேலை முழுவதும் கீழே இறங்கி ஸ்டாண்டின் தலையில் விழுந்தது. ஸ்டாண்டின் ஒரு மூலை சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் தொட்டி முறுக்கிக்கொள்ளும், முறுக்கினால் ஒட்டிய இடம் பிரியும் அல்லது அடிக்கண்ணாடி விரியும். தமிழ்நாட்டுக் கடைகளில் தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் அட்டை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. பலகையில் இருக்கும் சின்ன மேடு பள்ளத்தை அது உள்வாங்கி எடையைப் பரப்பிவிடும். ஆனால் ஸ்டாண்டே தொய்ந்தால் தெர்மோகோல் காப்பாற்றாது.

தொய்வு என்பது கொஞ்சம் பயங்கரமான விஷயம். இரண்டு முனையில் தாங்கிய ஒரு பலகையில் ஒரே சீராகப் பாரம் இருக்கிறது என்று வையுங்கள். அடிக்கு இத்தனை கிலோ என்பது மாறாமல், தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் இரண்டு மடங்கு ஆக்கினால், தொய்வு இரண்டு மடங்கு ஆகாது. பதினாறு மடங்கு ஆகும். அதே பலகையை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் எட்டு மடங்கு விறைப்பாகும். நாலடி ஸ்டாண்டுக்கு நடுவில் ஒரு ஜோடிக் கால் கூடுதலாக வைத்தால் அது சும்மா கூடுதல் இல்லை, ஆட்டமே மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கைச் சூத்திரமாக எழுதாமலே தெரிந்து வைத்திருந்தவர்கள் வளைகுடாவின் பழைய வீடு கட்டுநர்கள். துபாயில் ஷிந்தகாவில் இருக்கும் ஷேக் சயீத் அல் மக்தூம் வீடு 1896ல் கட்டியது. அங்கோ அல் ஃபஹீதி பக்கமோ பள்ளிச் சுற்றுலா போனபோது ஒன்றைக் கவனித்திருக்கலாம்: அறைகள் நீளமாக இருக்கும், அகலம் மட்டும் குறுகலாக, மூன்று மூன்றரை மீட்டர்தான். நான் ரொம்ப நாள் அது வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் மரம். கூரையைத் தாங்கிய கம்பு அவ்வளவு நீளம்தான் கிடைத்தது. கம்பின் நீளம்தான் அறையின் அகலம்.

அந்தக் கம்புக்குப் பெயர் சந்தல். சதுப்புநிலத்துச் சுரபுன்னை மரம். பிச்சாவரத்தில் படகில் போனால் வேர்களை ஊன்றி நிற்குமே, அதே இனம். இங்கே அபுதாபிக் கரையிலும் அலையாத்திக் காடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இங்கே இருப்பது குர்ம், நம் ஊரில் வெண்கண்டல் என்பது. கூரைக்கு வேண்டிய நீளமும் நேரும் அதற்கு இல்லை. ஈச்ச மரம் இருந்தது, ஆனால் அது நாராக இருக்கும், பாரம் ஏற்றினால் தொய்யும். கப்பலுக்கும் கதவுக்கும் தேக்கு மலபாரிலிருந்து வந்தது. கூரைக்குச் சந்தல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து, லாமுவிலிருந்தும் ருஃபிஜி ஆற்றுக் கழிமுகத்திலிருந்தும் வந்தது. குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்றில் பாய் விரித்துத் தெற்கே போவார்கள், காற்று திரும்பியதும் கம்போடு வடக்கே வருவார்கள்.

இந்தப் பயணத்தை நேரில் பார்த்து எழுதிய ஒருவர் உண்டு. ஆலன் வில்லியர்ஸ், ஆஸ்திரேலியக் கப்பல்காரர். 1938 டிசம்பரில் ஏடனில் ஒரு குவைத்துப் பாய்மரக் கப்பலில் ஏறினார். நகுதா அலி பின் நாசர் அல் நஜ்தி. (நகுதா என்ற சொல் நம் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமும் உண்டு. கப்பல் தலைவர்.) சான்சிபார், ருஃபிஜி என்று போய் 1939ல் குவைத் திரும்பினார்கள். கழிமுகத்துச் சேற்றில் நின்று, கொசுக்கடியில், கம்பு கம்பாகக் கப்பலுக்கு ஏற்றியவர்கள் மாலுமிகள். அவர் அதை 'சன்ஸ் ஆஃப் சின்ட்பாட்' என்ற புத்தகமாக 1940ல் வெளியிட்டார். குவைத்தில் புர்கான் எண்ணெய் வயல் கண்டுபிடித்தது 1938 பிப்ரவரியில். அதாவது தரைக்கு அடியில் அந்தச் செல்வம் இருப்பது தெரிந்த பிறகும், தலைக்கு மேல் கூரைக்குக் கம்பு பாய்மரத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

அந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்திய விஷயம் காற்றோ கடலோ இல்லை. கடன். மாலுமி நகுதாவிடம் முன்பணம் வாங்கியிருப்பார், நகுதா வியாபாரியிடம் வாங்கியிருப்பார். பயணத்தின் முடிவில் கிடைக்கும் பங்கு கடனுக்கே போகும். பிறகு அடுத்த பயணம். முத்துக் குளிப்பவர்கள் நிலைமை இதைவிட மோசம். அந்தக் குறுகலான அறைகளின் கூரையை அண்ணாந்து பார்க்கும்போது, கம்பு, அதன் மேல் பிளந்த மூங்கில், ஈச்சம் பாய், மண் என்று அடுக்கு தெரிகிறது. கம்பைத் தூக்கி வந்தவரின் கணக்குப் புத்தகம் தெரிவதில்லை.

எங்களுக்குத் தெரிந்த மாமா ஒருவர் ஷார்ஜா சனையாவில் வெல்டர். ஊர் பரமக்குடிப் பக்கம். முதல் தடவை விசா எடுக்க அவருடைய அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் வந்தார், அதைத் திருப்ப நாலு வருடம் ஆனது என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அப்பா நாலடித் தொட்டி வாங்க ஆசைப்பட்டபோது முதலில் பார்த்தது ஒரு மரக்கடையின் ரெடிமேட் கேபினட்டை. மாமா வந்து அதைத் தட்டிப் பார்த்தார். "அண்ணே, இது எம்டிஎஃப். மரத்தூள அமுக்கிப் பலகையா ஆக்குனது. ஒரு தடவ தண்ணி பட்டா உப்பிரும்" என்றார். அது சரிதான். மீன் தொட்டி வைத்த வீட்டில் தண்ணீர் படாமல் ஒரு வாரம்கூடப் போகாது. மரம்தான் வேண்டும் என்றால் நீர் தாங்குகிற மெரைன் பிளைவுட் எடுக்க வேண்டும்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை 40 மில்லிமீட்டர் ஆங்கிளில் ஸ்டாண்ட் செய்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு கால். மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டாமல் காலின் தலையிலேயே உட்கார வைத்தார். "வெல்டு மேல எடை உக்காரக் கூடாது தம்பி, காலு மேல உக்காரணும். வெல்டு நகராம பிடிச்சுக்கிட்டா போதும்." மரத்தில் செய்தாலும் இதே விதிதான்: எடை ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது, கட்டை கட்டையின் மேல் நிற்க வேண்டும். பழைய வீட்டில் சந்தல் கம்பின் முனை சுவருக்குள் போய்ச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் இதுதான்.

பிறகு பின்பக்கம் குறுக்காக ஒரு கம்பி. வெறும் நாலு சட்டம் மட்டும் என்றால், பக்கவாட்டில் தள்ளினால் செவ்வகம் இணைகரமாகிவிடும். குறுக்குக் கம்பி போட்டதும் அது முக்கோணங்களாகிறது, முக்கோணம் சாயாது. கால்கள் நேராகத் தரையில் குத்தாதபடி அடியில் நீளவாக்கில் ஒரு ஆங்கிள், ஓடு உடையாமல் இருக்க. மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தார், இந்த ஊர் உப்புக் காற்றுக்கு ஒரு கை போதாது என்று. வீட்டில் வைத்த பிறகு ரசமட்டம் வைத்துக் காலுக்குக் கீழே தகடு சொருகிச் சமன் செய்தார். தொட்டியில் தண்ணீரைப் பாதி நிரப்பி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடி மட்டம் பார்த்த பிறகுதான் மீதி ஊற்ற விட்டார். அப்பாவுக்குப் பொறுமையே இல்லை. மாமாவுக்கு இருந்தது.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்மில் பலர் இருப்பது அடுக்குமாடி வாடகை வீட்டில். வீடுகளின் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். நம் தொட்டி முக்கால் சதுர மீட்டரில் 600 கிலோ. அந்த 200 என்பது அறை முழுக்கப் பரவிய பாரத்துக்கான கணக்கு, அதனால் கான்கிரீட் தளம் உடனே விழுந்துவிடாது. ஆனாலும் அறையின் நடுவில் வைக்காதீர்கள். சுவரோரமாக, பீம் போகிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பீம் எங்கே போகிறது என்று நாத்தூரிடம் கேட்டால் கட்டட மெயின்டனன்ஸ் ஆளைக் காட்டுவார். அதைவிடப் பெரிய தொட்டி என்றால் ஒரு பொறியாளரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. பெர்லினில் ஒரு ஹோட்டலுக்குள் பத்து லட்சம் லிட்டர் கொண்ட உருளைத் தொட்டி ஒன்று இருந்தது, பெயர் அக்வாடாம். 2022 டிசம்பர் 16 விடியற்காலை அது வெடித்தது. சுமார் 1,500 மீன்கள். பெரும்பாலும் செத்துப்போயின. பகலில் கூட்டம் இருக்கும் நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

நம் ஊரில் எல்லாரும் செல்ஃபி எடுக்கும் துபாய் மாலின் தொட்டி 2008ல் திறந்தது. ஒரு கோடி லிட்டர், அதாவது பத்தாயிரம் டன் தண்ணீர். முன்னால் இருக்கும் அக்ரிலிக் பலகை 32.88 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், 75 சென்டிமீட்டர் தடிமன், எடை 245 டன். திறந்தபோது உலகிலேயே பெரிய அக்ரிலிக் பலகை என்று கின்னஸில் ஏறியது. அங்கே எல்லாரும் சுறாவைப் பார்க்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் பலகை தரையைச் சந்திக்கிற இடத்தைத்தான் பார்ப்பேன். கூட வருகிற தங்கச்சிக்கு இதனாலேயே என் மேல் கோபம்.

மாமா செய்த ஸ்டாண்ட் இப்போது எங்களிடம் இல்லை. அப்பாவுக்கு வேலை அபுதாபிக்கு மாறியபோது தொட்டியோடு ஒரு மலையாளிக் குடும்பத்துக்குக் கொடுத்தோம். அவர்கள் ஊருக்குப் போனபோது அஜ்மானில் ஒரு பிலிப்பினோ குடும்பம் வாங்கியது. வாங்கியவர்கள் தண்ணீர் ஊற்றும் முன் எங்களுக்குப் போன் செய்தார்கள். மாமாவே நேரில் போய் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.