நாஞ்சில் வாசல் – 17: மலையேறி வந்த மேஜர்

உதயகிரிக் கோட்டை கைமாறிய கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆனால் கிழக்கேயிருந்து உதயகிரிக்குப் போகிறவர் யாரானாலும் முதலில் ஆரல்வாய்மொழியைத் தாண்ட வேண்டும். 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூர்மேல் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் அதே நிலைமைதான்.

வள்ளியூர், பணகுடி தாண்டி நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்த இடம் தெரியும். உடைமரக் காட்டில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வந்ததும் டிரைவர் கை தானாக ஒரு கும்பிடு போடும். அதன்பின் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் அந்த இடைவெளி வழியாகத்தான் போயாக வேண்டும். ஊரைத் தாண்டித் தோவாளைக்கு வந்தால் பூந்தோட்டமும் வயலுமாக வேறு நாடு. 1956 நவம்பர் 1 வரை ஆட்சியிலும் அது வேறு சீமைதான். பாண்டிச்சீமை மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் இந்தப் பக்கம்.

இப்படி ஒரு வாசல் இருந்தால் காவல் இல்லாமல் இருக்குமா? மலைக்கு மலை, ஏறக்குறைய இரண்டு மைல் நீளத்துக்குச் சுவர். இடையிடையே சிறு கொத்தளங்கள், பீரங்கி வாய்கள். தெற்குக் கோடியில் சுவர் முடியும் குன்றின் மேலும் அரண் இருந்தது. அங்கே நின்றால் மொத்த வரிசையும் காலடியில். இந்தக் கணவாயில் உள்ள காற்றாடிமலையில்தான் 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தபோது இந்த ஊர்ப் பெயர் உலகமெல்லாம் ஒலித்தது. அவர் கதைக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

திருச்சியிலிருந்து கிளம்பிய கர்னல் செயின்ட் லெஜரின் படை சுவருக்கு முன்னால் வந்து கூடாரம் அடித்தது. உள்ளே 10,000 பேரும் 50 பீரங்கிகளும் இருந்ததாக எழுதியிருப்பவர் அந்தப் படையில் இருந்த மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ். ஜெயித்தவன் சொல்லும் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். இருந்தாலும் நேராக மோதினால் பிணம் குவியும் என்பது கர்னலுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வெல்ஷ் லேசுப்பட்ட ஆள் இல்லை. சிவகங்கைச் சீமையில் சின்ன மருது இவருக்கு வேல் எறியவும் வளரி வீசவும் சொல்லிக்கொடுத்தார். அதை வெல்ஷே எழுதிவைத்திருக்கிறார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியையும் காளையார்கோயிலையும் அடித்த படையிலும் அவர் இருந்தார். வளரி கற்றுத்தந்த கை விலங்கில் கிடந்ததைப் பார்த்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் அன்பையும் விருந்தோம்பலையும் உருக்கமாக எழுதினார் வெல்ஷ். ஆனால் சட்டையைக் கழற்றவில்லை. கண்ணீரும் சம்பளமும் ஒரே கணக்கில் வரவுவைத்த மனிதர் என்பேன். அவர்மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அவருடைய கண்மேல் உண்டு. போன இடமெல்லாம் படம் வரைந்தவர், மலையையும் ஓவியன் பார்ப்பதுபோல வரிவரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெல்ஷ் தென்குன்றைப் பார்த்தார். அதைப் பிடித்தால் சுவர் தானாக விழும் என்றார். அனுமதி எளிதில் கிடைக்கவில்லை; விடாமல் கேட்டு வாங்கினார். பிப்ரவரி 9 இரவு, ஐரோப்பிய வீரர்களும் மதராஸ் சிப்பாய்களும் கலந்த சிறு படையுடன் ஏறத் தொடங்கினார். பாதை என்று ஒன்று இல்லை. முள், பாறை, கைகளால் பற்றி ஏற வேண்டிய செங்குத்து. ஒரு துப்பாக்கி பாறையில் தட்டினாலும் காரியம் கெட்டது. இரவெல்லாம் ஏறி, விடியும் முன் உச்சிக்காவல்மேல் பாய்ந்தார்கள். காவலிருந்தவர்கள் சிதறிக் கீழே ஓடினார்கள். விடிந்ததும் கர்னல் அனுப்பிய துணைப்படையும் சேர்ந்துகொள்ள, சுவர் வரிசை முழுவதும் விழுந்தது. பிப்ரவரி 10 அன்று நாஞ்சில் நாட்டின் வாசல் திறந்து கிடந்தது.

சுவருக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை மலைக்குக் கொடுத்திருந்தால் வெல்ஷ் பாதி வழியிலேயே உருண்டிருப்பார். 'மலையேறி எவன் வருவான்' என்ற நம்பிக்கைதான் ஊரைக் கவிழ்த்தது.

பழியை யார்மேல் போடுவது? தலக்குளத்துக்காரர், நம் மண்ணின் மகன், திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி. திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் சிலையாக நிற்கிறார். கம்பெனிக்கு எதிராகக் குண்டறை அறைகூவல் விட்ட வீரரைக் குறைசொன்னால் கடிதம் வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 1804இல் படியைக் குறைத்ததற்காகத் தன் சொந்த நாயர் படை எழுந்தபோது, கம்பெனி ரெசிடென்ட் மெக்காலேயின் துணையைத் தேடி ஓடியவர் அவர்தான். கம்பெனியோடு செய்த 1805 ஒப்பந்தம் ஆண்டுக்கு எட்டு லட்ச ரூபாயைத் திருவிதாங்கூர் தலையில் கட்டியது. அந்தப் பாக்கித் தகராறுதான் 1809 வரை வளர்ந்தது. கம்பெனிக்கு வாசலைத் திறந்துவிட்டவரும் அவர், பிறகு அதைச் சாத்தப் போராடியவரும் அவர். மண்ணடியில் உயிரை விட்டபோது அந்தக் கடனைத் தீர்த்தார் என்பது என் எண்ணம். செத்த பிறகும் உடலைக் கண்ணம்மூலையில் தொங்கவிட்ட கம்பெனிக்கு அந்த மன்னிப்பைக்கூடத் தர மாட்டேன்.

தென்குன்றில் அன்றிரவு காவலிருந்தவர்களை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. 1635இல் கணியாகுளப் போரில் விழுந்த இரவிக்குட்டிப் பிள்ளைக்குக் கதைப்பாட்டு கிடைத்தது. இவர்களைத் தெரிந்துகொள்ள நான் புரட்டுவது, இவர்களைத் துரத்தியவர் 1830இல் லண்டனில் அச்சிட்ட நினைவுக்குறிப்பைத்தான். வட்டக்கோட்டையைப் பார்க்கப் போகிற கூட்டம் ஆரல்வாய்மொழியில் டீ குடிக்கக்கூட இறங்குவதில்லை. தோவாளை வட்டாரத்து வாசகர்கள் வீட்டில் இந்தச் சண்டையைப் பற்றிப் பாட்டோ, ஏடோ, பாட்டி சொன்ன கதையோ இருந்தால் ஆசிரியர் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள்.

உதயகிரியும் பத்மநாபபுரமும் பிப்ரவரி 19 அன்று கைமாறின. திருவிதாங்கூர்த் தளபதி டிலனாயின் கல்லறை இருக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் அடுத்த வாரம் நுழைவோம்.